குருவானவர் இல்லாத 29 ஆண்டுகள்

1658 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. மன்னார் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே வீழ்ந்துவிட்டது. போர்த்துக்கேயப் படைவீரர்களுடன் கத்தோலிக்கக் குருமாரும் கப்பலேற்றப்பட்டனர். அதே ஆண்டில் புதிய ஆட்சியாளர் ஒரு கட்டளையைப் பிறப்பித்தார்கள். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்பதே அக்கட்டளை. குடாநாட்டிலும் மன்னாரிலும் போர்த்துக்கேயர் எழுப்பிய கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபைக்குப் பிரசங்க மண்டபங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. சுரூபங்கள் அகற்றப்பட்டன. பீடங்கள் இடிக்கப்பட்டன.

அடுத்த குருவானவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டு 1687. இடையில் 29 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமுடித்துப் பிள்ளை பெறும் காலம் அது. கத்தோலிக்க சமயத்தில் குருவானவர் இல்லையென்றால் பூசை இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, இறப்பவருக்கு அவஸ்தைப் பூசுதலும் இல்லை. அச்சமயத்தின் நடுத்தூணையே ஒல்லாந்தர் பிடுங்கியிருந்தார்கள். அவர்களுடைய கணக்கின்படி, போர்த்துக்கேயர் சலுகைகளைக் காட்டிப் பிடித்துவைத்த கூட்டம் சலுகை நின்றதும் கலைந்துபோயிருக்க வேண்டும். ஆனால் 1687 இல் வந்தவர், தமக்காகக் காத்திருந்த ஒரு சமூகத்தைக் கண்டார். இது எவ்வாறு சாத்தியமாயிற்று?

விடையைத் தேட நாம் மேலும் ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. பரதவ மக்களுள் மொழியறிந்தவர்களை உட்காரவைத்து முக்கியமான செபங்களைத் தமிழில் ஆக்குவித்தார். அவற்றைத் தாமே மனனம் செய்தார். பின்னர் கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். கற்ற பிள்ளைகள் அன்று மாலையே வீட்டிலுள்ள பெற்றோருக்கு அவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நோயாளர் வீடுகளுக்கும் பிள்ளைகளையே அனுப்பிச் செபம் சொல்லவைத்தார். மன்னார் மக்கள் அழைத்தபோது அவர் அனுப்பிய குரு ஒருவரின் வழியாக இந்த முறை எமது கரைக்கும் வந்தது. அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களில் சுமார் 600 பேரை 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான் என்பது வரலாறு.

சவேரியாரைத் தொடர்ந்த அன்ரிக் அன்ரிக்கஸ் அடிகளார் 1578 இல் கொல்லத்தில் ஒரு சிறுநூலை அச்சிட்டார். தமிழெழுத்தில் அச்சேறி இன்று கிடைக்கும் நூல்களுள் அதுவே முதலாவது. 16 பக்கங்கள். அதன் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்தது ‘கிரீசித்தியானி வணக்கம்’. தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றை எழுதுவோர் எழுத்துருவையும் காகிதத்தையும் பற்றியே அதிகம் பேசுகின்றனர். இரு நூல்களின் பெயரிலும் நிற்கும் ‘வணக்கம்’ என்ற சொல்லே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இறைவனைப் பற்றிய தத்துவ விசாரம் அல்ல, அவன்முன் நின்று சொல்லவேண்டிய சொற்களே முதலில் மக்களின் கைக்குக் கொடுக்கப்பட்டன. அவையும் தமிழில், வாயாற் சொல்லத்தக்க வடிவில்.

1658 இன் பின்னர் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான். கோயிலைப் பறிக்கலாம், குருவைக் கப்பலேற்றலாம். மனனமான செபத்தை எந்தப் படைவீரனாலும் பறிமுதல் செய்ய இயலாது. செபமாலையை எண்ண மணிகள் இல்லாவிட்டால் பத்து விரல்கள் இருக்கின்றன. ஞானஸ்நானம் கொடுக்கவும் ஆபத்து வேளையில் பொதுநிலையினர் ஒருவரே போதும் என்பது திருச்சபையின் பழைய சட்டம். ஆகவே வீடு கோயிலாயிற்று. மாலை விளக்கேற்றும் நேரம் பூசை நேரமாயிற்று.

இங்கே ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் வீரர்களாக நிற்கவில்லை. ஒல்லாந்தர் வாளை மட்டும் நம்பியவர்கள் அல்லர். பேரேடுகளையும் நம்பியவர்கள். பிறப்பும் ஞானஸ்நானமும் திருமணமும் அவர்களுடைய பள்ளிக்கூடத் தோம்பில் பதியப்பட வேண்டும். பதியாத திருமணம் செல்லாது. செல்லாத திருமணத்திற் பிறந்த பிள்ளைக்குக் காணியில் உரித்து இல்லை. முதலியார், உடையார் போன்ற பதவிகளும் அவ்வாறே. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம். ஆகவே பெருந்தொகையானோர் ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தப் போதகரின் பிரசங்கத்துக்குப் போய் அமர்ந்தார்கள், பெயரைப் பதிந்தார்கள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் செபத்தைச் சொன்னார்கள். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த போதகர் பிலிப்பு பால்டேயுஸ் 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில் குடாநாட்டுக் கோயில்களின் படங்களைக் காணலாம். அந்தக் கூரைகளின் கீழே அமர்ந்திருந்தவர்களின் மனத்தை எந்தப் படமும் காட்டாது.

இந்த இரட்டை வாழ்வு கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. போர்த்துக்கேயர் காலத்தில் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்ட பின்னர், விரதமிருந்த சைவர்கள் சாப்பிட்ட வாழையிலையை வெளியே வீசினால் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சிக் கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்பது எமது ஊர்களில் வாய்வழியாக வரும் செய்தி. அந்த ஆட்சியின் நிழலில் வளர்ந்த கத்தோலிக்கர், அது போனதும் தாமும் செபமாலையைக் கூரைக்குள் மறைக்கவேண்டிய நிலைக்கு வந்தார்கள். வரலாறு சில கடன்களை இவ்வாறு வசூலிக்கும்போது, அசலை வாங்கியவர்களை விட்டுவிட்டு அயலில் நின்ற ஏழைகளிடமே அறவிடுகிறது.

மறைக்க இயலாதவர்கள் வெளியேறினார்கள். 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, தங்கள் கோயிலிலிருந்த நற்சுக மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஒல்லாந்தரின் கை எட்டாத காட்டுக்குள் சென்றன. 20 குடும்பங்கள் என்பது மரபு. அவர்கள் தங்கிய இடம் மருதமடு. யானையும் கரடியும் பாம்பும் திரிந்த வன்னிக் காடு. குடும்பத்தோடு ஓடுபவன் அரிசியையும் பாத்திரத்தையும்தான் முதலில் எடுப்பான். இவர்கள் ஒரு சுரூபத்தையும் எடுத்திருக்கிறார்கள். அது சுமையென்று அவர்களுக்குத் தோன்றவில்லை. மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை அந்தக் காட்டு வாழ்விலிருந்து வளர்ந்ததே.

இனி 1687. கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார், யோவான் என்ற இளைஞனை மட்டும் துணையாகக் கொண்டு தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். அவர் 1651 ஏப்ரல் 21 இல் பெனோலிம் என்ற ஊரிற் பிறந்தவர். கொங்கணி பேசும் பிராமண மரபினர். ஐரோப்பியக் குரு ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஒரு நாள்கூட மறைந்திருக்க இயலாது. தோலின் நிறமே காட்டிக்கொடுக்கும். இவரோ கூலிக்காரன் வேடத்தில் வந்திறங்கினார். வந்ததும் கடும் வயிற்றோட்டத்தில் விழுந்தார். கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியவர் ஓர் ஏழைப் பெண் என்பர்.

உடல் தேறியதும் அவர் எதிர்கொண்ட சிக்கல், செய்தியாளன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. யார் கத்தோலிக்கர் என்று எவரிடமும் விசாரிக்க முடியாது. தவறான ஆளிடம் கேட்டால் கேட்டவருக்கும் ஆபத்து, பதில் சொல்பவருக்கும் ஆபத்து. அவர் செய்தது இதுதான். கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். வாய் எதையும் கேட்கவில்லை. அரிசி போட வந்தவரின் கண் அந்த மாலையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதை மட்டும் கவனித்தார். சில வீடுகளில் அந்தக் கண்கள் கலங்கின. அவ்வாறு தொட்ட தொடர்புகள் மூலமே அவர் சில்லாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். யாழ்ப்பாணத்துக்கு வடமேற்கே உள்ள அக்கிராமம் ஏறத்தாழ முழுவதுமாகத் தன் விசுவாசத்தைக் காத்து வைத்திருந்தது. அங்கே தங்கி இரவில் பூசை வைத்தார். விடியுமுன் ஒளிந்தார். முப்பது வயது நிரம்பாத எவரும் தம் ஊரில் பூசையொன்றைக் கண்டதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த முதலாவது இரவு எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1690 ஆம் ஆண்டு நத்தார் இரவு. யாழ்ப்பாணத்தில் வீடுகளில் பூசைக்காகக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டனர். சுரூபங்கள் உடைக்கப்பட்டன. அடிகளார் அகப்படவில்லை. பெண்கள் விடுவிக்கப்பட்டனர். ஆண்கள் அடிக்கப்பட்டனர், தண்டம் விதிக்கப்பட்டனர். முன்னர் ஒல்லாந்தர் சமயத்தில் சேர்ந்திருந்து பின் திரும்பிவந்த தொன் பேதுரு என்பவர் கசையடியிலேயே இறந்தார். வேறு சிலர் விலங்குடன் கோட்டை வேலைக்கு அனுப்பப்பட்டு அந்த வேலையிலேயே மாண்டனர். கோவாக் குருவான செபஸ்தியாம் தொ ரேகு 1745 இல் அச்சேற்றிய வாஸ் அடிகளாரின் வரலாறு உள்ளிட்ட நூல்கள் இவற்றைக் கூறுகின்றன. தம்மவரின் பெருமையைத் தாமே எழுதியது என்று ஒதுக்கிவிடவும் இயலாது. பதவி முடிந்து செல்லும் ஒல்லாந்த அதிகாரிகள் அடுத்து வருபவருக்கு எழுதிவைத்த குறிப்புகளில் கத்தோலிக்கர் அடங்கவில்லை என்ற முறைப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. எதிர்த்தரப்பின் சலிப்பைவிடச் சிறந்த சாட்சி எமது தொழிலில் கிடையாது.

அந்த இரவைப் பற்றி ஒரு கேள்வி எழுகிறது. வழிபாடு துன்பத்திலிருந்து காக்கும் என்று நம்பியா அவர்கள் கூடினார்கள்? அவ்வாறு இருக்க முடியாது. வழிபாடே அவர்களைத் துன்பத்துக்குள் கொண்டுபோனது. வீட்டிற் படுத்து உறங்கியவர்களுக்கு அன்றிரவு எதுவும் நடக்கவில்லை. பூசைக்குப் போனவர்களே கசையடி பட்டார்கள். பாதுகாப்பைத் தேடும் மனிதன் செய்யும் காரியமன்று அது. அவர்கள் தேடியது வேறொன்று. தொழுவத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அரசனுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடிய ஒருவரின் பிறந்த நாளை அவர்கள் கொண்டாடினார்கள். அந்தக் கதை அவர்களுக்குத் தூரதேசத்துக் கதையாக இருந்திருக்காது.

அடிகளாரின் பிற்கால வரலாறு பலரும் அறிந்தது. 1692 இல் கண்டிக்குச் சென்று, போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் இரண்டாம் விமலதர்மசூரியனாற் சிறைவைக்கப்பட்டார். சிறை வளவிலேயே ஒரு குடிசை போட்டு அதைக் கோயிலாக்கினார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவி வசதியுள்ளவர்கள் நகரை விட்டு ஓடியபோது, தம் மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளாருடன் நின்று நோயாளரைக் கழுவி, இறந்தவரைப் புதைத்தார். கிறிஸ்தவ ஒல்லாந்தர் தேடிக்கொல்ல நினைத்த கிறிஸ்தவக் குருவுக்கு ஒரு பௌத்த மன்னனின் இராச்சியமே அடைக்கலமாயிற்று. 1711 சனவரி 16 இல் அங்கேயே இறந்தார்.

அவர் விட்டுச்சென்றவற்றில் மிகவும் பயன்பட்டது, என் கணிப்பில், கோயில்கள் அல்ல. ஊருக்கு ஊர் அவர் நிறுத்திய மூப்பரும் அண்ணாவியும்தான். குரு ஆண்டுக்கு ஒருமுறை இரவோடிரவாக வந்துபோவார். மீதி நாட்களில் செபத்தை முன்னின்று சொல்பவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பவர், சாகக்கிடப்பவரின் அருகில் அமர்ந்து செபிப்பவர் அண்ணாவியே. கூத்து ஆட்டுவிக்கும் ஆசானையும் நாம் அண்ணாவியார் என்றே அழைக்கிறோம். சொல்லைச் சொல்லிக்கொடுத்து, மனனமாக்கி, கூட்டமாகச் சேர்த்துச் சொல்லவைப்பது இரண்டுக்கும் பொது.

1705 இல் வந்து சேர்ந்தார் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். இவரும் கோவாக்காரர், கொங்கணி தாய்மொழி. தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் நூல்கள் எழுதிக் குவித்தார். சிங்கள கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று அவரைக் கொண்டாடுவர். தமிழருக்கு அவர் தந்தவற்றுள் மக்களின் நெஞ்சில் தங்கியது ‘வியாகுல பிரசங்கம்’. இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் நூல். வடசொற்கள் நிறைந்த கடினமான நடை. பண்டிதருக்கே தடுக்கும் சொற்கள் உண்டு. ஆயினும் தவக்கால மாலைகளில், எழுத்தறியாத மீனவப் பெண்களும் அமர்ந்து அதைக் கேட்டு அழுதார்கள். இன்றும் மன்னாரிலும் குடாநாட்டுக் கரையோரங்களிலும் அதன் இராகம் ஒலிக்கக் கேட்கலாம். ஒருவர் இழுத்து வாசிப்பார். வாசிப்புக்கு இடையே சனம் ஒப்பாரியைப்போல் பாடி அழும். பேசாலை போன்ற ஊர்களில் அசையும் உறுப்புகளுடைய சுரூபங்களைக்கொண்டு நடத்தப்படும் ‘உடக்குப் பாஸ்’ இந்த நூலின் வாசிப்போடு இணைந்தே நிகழும்.

அழுகையை வழிபாடு என்று சொல்வது நவீன மனத்துக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கலாம். நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவளும் மகனைக் கோட்டை வேலைக்குக் கொடுத்தவளும் வெளிப்படையாக அழ அக்காலத்தில் இடமில்லை. அழுதால் ஏன் என்று கேட்பார்கள். பெரிய வெள்ளிக்கு முந்திய மாலைகளில், மகனின் உடலை மடியில் வைத்திருக்கும் ஒரு தாய்க்காக அழுவதை எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த அழுகைக்குள் தன்னுடையதும் கலந்திருக்கும். கொன்சால்வெஸ் அடிகளார் இறைவனை மக்களுக்கு அருகிற் கொண்டுவந்தது வாதத்தினால் அல்ல, இந்தப் பொதுத் துயரத்தினால் என்றே நினைக்கிறேன். பின்னர் எமது கத்தோலிக்கக் கூத்துக்காரர் எஸ்தாக்கியாரை விரும்பி ஆடியதற்கும் இதே காரணம் இருக்கலாம். சொத்தை இழந்து, ஊரை விட்டு ஓடி, வழியில் மனைவியையும் பிள்ளைகளையும் பிரிந்த ஒரு தளபதியின் கதை அது. ரோமாபுரிக் கதைதான். ஆனால் ஓடுவது எப்படி என்று பார்வையாளருக்குத் தெரியும்.

1742 இல் போலவத்தையில் கொன்சால்வெஸ் அடிகளார் மறைந்தார். 1796 இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806 இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார். இங்கிலாந்தின் சொந்தக் கத்தோலிக்கருக்கு அத்தகைய விடுதலை கிடைக்க 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது சுவையான முரண்.

மருதமடு மட்டும் தன் பழைய தொழிலை மறக்கவில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது மடுத் திருப்பதியின் வளவு அகதிமுகாமாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மரங்களின் கீழ் வாழ்ந்தன. கத்தோலிக்கர் மட்டுமல்லர், சைவக் குடும்பங்களும் இருந்தன. 1999 நவம்பர் 20 இல் வளவுக்குள் எறிகணை விழுந்து சுமார் 40 பேர் இறந்தனர். திருத்தலத்துக்கு ஓடினால் உயிர் நிச்சயம் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. ஆயினும் மாலைச் செபம் நிற்கவில்லை. 2008 ஏப்ரலில் போர் திருப்பதியை நெருங்கியபோது குருமார் மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றார்கள். 1670 இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் வந்த சுரூபம் 338 ஆண்டுகளின் பின் மறுபடி அகதியாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் அது திரும்பியது. 2015 சனவரி 14 காலையில் காலிமுகத்திடலில் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகல் மடுவுக்கு வந்து அந்தச் சுரூபத்தின் முன் நின்றார். போரில் உறவுகளை இழந்த தமிழரும் சிங்களவரும் அங்கே கூடியிருந்தனர்.

இன்னொரு ஏப்ரல் 21 ஐயும் இங்கே குறிப்பிட வேண்டும். அது புனித யோசேவாஸ் பிறந்த நாள். 2019 இல் அதே நாளில் உயிர்த்த ஞாயிறு வந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள் மீது தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. விடுதிகளிலும் வேறிடங்களிலும் இறந்தவர்களையும் சேர்த்து 250 இற்கும் மேற்பட்டோர் பலியாயினர். கொச்சிக்கடைக் கோயிலின் தோற்றமே ஒல்லாந்தர் காலத்தில் மீனவர்களிடையே ஒளிந்து வாழ்ந்த ஒரு குருவானவரோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுவது.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, நாடெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன. கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் வைத்த பூசை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. குடும்பங்கள் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, முழந்தாளிட்டுச் செபித்தன. கொச்சிக்கடையில் பொலிஸ் தடுப்புக்கு வெளியே, தெருவில், சிலர் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டு நின்றார்கள்.